காற்றில் தட்டிய வயர்

டிஷ் பூட்டுகிறவனுக்கு மூன்று எதிரிகள்: மரம், பக்கத்து வீட்டுக்காரர், காற்று. மரத்தைச் சுற்றிப் போகலாம், பக்கத்து வீட்டுக்காரரைக் கும்பிட்டு வழிக்குக் கொண்டுவரலாம், காற்றோடு மட்டும் பேச்சுவார்த்தைக்கே இடமில்லை.

இரண்டாயிரத்து ஒன்றிலிருந்து ஒன்பது வரை தென் லண்டனில் இந்தத் தொழில் செய்தேன். தமிழ்ச் சானல்கள் வந்து இறங்கிய காலம். ஆங்கிலச் சானலுக்கென்று சுவரில் ஏற்கெனவே ஒரு டிஷ் இருக்கும். தமிழுக்கு வானத்தில் வேறு திசை என்பதால் இன்னொன்று வேண்டும். நான் ஏணியில் நிற்பேன். என் கூட்டாளி ராசன் அண்ணை உள்ளே டிவிக்கு முன்னால் நிற்பார். அவர் யாழ்ப்பாணத்தார், ஜெர்மனியில் பத்து வருடம் இருந்துவிட்டு வந்தவர். நான் மட்டக்களப்பான், சுவிஸ் வழியாக வந்தவன். 'படம் வருதோ' என்று நான் மேலிருந்து கத்துவேன். 'வந்திட்டுது... இல்லை, போட்டுது' என்று அவர் ஜன்னலுக்குள்ளால் கத்துவார். மாரிகாலத்தில் ஏணி உச்சியில் நின்று, விரல் விறைத்து, கடைசி நட்டைப் புல்லுக்குள் தவறவிட்டவர்கள் உங்களில் யாராவது இருந்தால் நீங்கள் என் இனம். மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கட்டிலின் இடப்பக்கம்

நோர்பரியில் இரண்டு வீட்டுக்கு ஒரு புகைபோக்கி. அதில் டிஷ்ஷைப் பூட்டுவதென்றால் பக்கத்து வீட்டிலும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். அப்படித்தான் ரொன் எனக்கு அறிமுகமானார். எழுபது தாண்டிய வெள்ளைக்காரர், பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். புகைபோக்கியின் கீழ்ப்பாதிச் செங்கல் கறுப்பாகவும் மேற்பாதி சிவப்பாகவும் இருந்தது. ஏன் என்று கேட்டேன். 'எண்பத்தேழு' என்றார். அதற்குமேல் விளக்கம் தேவையில்லை என்பதுபோல் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். தென் லண்டன் கிழவர்கள் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தேழில் அடித்த அந்தப் புயலைப் புயல் என்று சொல்வதில்லை, வருடத்தைத்தான் சொல்வார்கள். எனக்குப் புரியவில்லை என்று தெரிந்ததும் கையைப் பிடித்துப் படுக்கையறைக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

அந்த ஐப்பசி இரவில் கீழே குசினி ஜன்னல் அடித்துக்கொண்டே இருந்ததாம். போய்ப் பூட்டச் சொல்லி மனைவி எழுப்பியிருக்கிறார். இவர் அசையவில்லை. கடைசியில் அந்த மனுஷி தானே இறங்கிப் போய் ஜன்னலில் கை வைத்த நேரம் வீடு குலுங்கியது. புகைபோக்கி கூரையையும் சீலிங்கையும் உடைத்துக்கொண்டு வந்து கட்டிலின் இடப்பக்கத்தில், மனைவி தலை வைத்திருந்த தலையணையில் விழுந்தது. தூசி அடங்கும்வரை ரொன் மீதிப் பாதியில் குந்திக்கொண்டு இருந்தாராம். கீழேயிருந்து மனைவி 'இப்போது எதைப் போட்டு உடைத்தாய்' என்று சத்தம் போடுவது கேட்டிருக்கிறது. கட்டில் அதேதான். நான் போன அன்று காலையும் இடப்பக்கத்துத் தலையணையில் அவர் மனைவி தலை வைத்த பள்ளம் இருந்தது. எனக்கு அந்த அறையில் நிற்கப் பிடிக்கவில்லை. ரொன் சீலிங்கைப் பார்த்தபடி சொன்னார்: "மூன்று முறை எழுப்பினாள், நான் நித்திரைபோல் நடித்தேன். என் சோம்பல்தான் உன்னைக் காப்பாற்றியது என்று சொன்னால் இன்றைக்கும் கோபிக்கிறாள்."

எங்கள் ஊர்க் காற்று

தேநீர் குடிக்கும்போது ரொன் 'அப்படியொரு காற்றை நீ பார்த்திருக்கமாட்டாய்' என்றார். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் எனக்குள் ஊர்ப்பெருமை கிளம்பிவிட்டது. மற்றவர்கள் மாம்பழத்திலும் கோயிலிலும் பெருமைப்படுவார்கள், நாங்கள் மட்டக்களப்பார் சூறாவளியில் பெருமைப்படுவோம். எழுபத்தெட்டு கார்த்திகை, எனக்கு எட்டு வயது. தெரிந்த இங்கிலீஷையெல்லாம் கூட்டிப் பொறுக்கிச் சொன்னேன். கூரைத் தகரங்கள் ஒவ்வொன்றாகக் கழன்று இருட்டுக்குள் போன சத்தம். விடிந்தபோது ஊரில் வானம் கூடிப்போயிருந்தது, மறைக்க மரமில்லை. தென்னைகள் எல்லாம் சீப்பால் வாரியது மாதிரி ஒரே பக்கம் கிடந்தன. முறியாமல் நின்ற ஒன்றிரண்டு மரங்களில் தகரம் சால்வைபோலச் சுற்றியிருந்தது. எங்கள் வீட்டு வளவில் கிடந்த கதவு எந்த வீட்டுக் கதவென்று இன்றுவரை தெரியாது.

ஆனால் பயம் அதிலில்லை. நடுவில் காற்று நின்றது. மெல்ல மெல்லக் குறைந்து நிற்கவில்லை, யாரோ கையால் பொத்தியதுபோல் நின்றது. முடிந்தது என்று நினைத்துச் சனம் லாந்தரோடு வெளியே வந்தது. பக்கத்து வீட்டாரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். மேலே நட்சத்திரம்கூடத் தெரிந்தது. அது சூறாவளியின் கண் என்பது பிறகு படித்தவர்கள் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். கொஞ்ச நேரத்தில் மற்றக் காற்று எதிர்ப்பக்கத்தால் வந்தது. வெளியே நின்றவர்களில் சிலர் வீட்டுக்குள் திரும்பவே இல்லை. அதனால்தான் இன்றும் காற்றடித்தால் நான் பயப்படுவதில்லை, அடித்த காற்று சட்டென்று நின்றால்தான் பயம். ரொன் நான் சொன்னதை யோசித்தார். பிறகு பிஸ்கட் தட்டை என் பக்கம் தள்ளிவிட்டுக் கேட்டார்: "அப்படிப்பட்ட காற்றைப் பார்த்துவிட்டா கூரையில் ஏறுகிற வேலைக்கு வந்தாய்?"

பேய்க்குத் தவணை

தொழிலில் நான் கண்ட பேய்கள் எல்லாம் வயர்தான். டிஷ்ஷிலிருந்து இறங்கும் வயரை ஓர் அடிக்கு ஒரு கிளிப் வைத்துச் சுவரோடு இறுக்க வேண்டும். ராசன் அண்ணைக்கு அந்தப் பொறுமை கிடையாது. 'வயர் எங்கை ஓடப்போகுது' என்று மூன்றடிக்கு ஒன்று வைப்பார். காற்றடித்தால் அந்த இடைவெளி ஆடிச் சுவரில் மோதும். உள்ளே படுத்திருப்பவருக்கு அது விரல் முட்டியால் தட்டுவது போலவே கேட்கும். இரண்டு தட்டு, ஒரு நிறுத்தம், மறுபடி ஒரு தட்டு. ஆள் நின்று கேட்டுத் தட்டுகிற மாதிரி.

லூயிஷாமில் ஒரு டாக்டரம்மா, மதுரைக்காரர். கூப்பிட்டுவிட்டு என்னோடு வாசலிலேயே கிசுகிசுத்தார். படுக்கையறைச் சுவரை யாரோ தட்டுகிறார்கள், ஐயரைக் கூப்பிட்டுப் பூசையும் செய்தாகிவிட்டது, நிலைப்படியில் எலுமிச்சம்பழமும் கட்டியாகிவிட்டது, தட்டு நிற்கவில்லை. நான் வெளியே போய் வயரைப் பிடித்து இரண்டு ஆட்டு ஆட்டினேன். உள்ளேயிருந்து ஒரு கிழவியின் குரல் முருகனைக் கூப்பிட்டது. டாக்டரம்மா வெளியே ஓடி வந்தார். வயரைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார், முகம் தெளிந்தது. கிளிப் அடிக்கச் சுத்தியலை எடுத்தேன். கையைப் பிடித்துத் தடுத்தார். "அடுத்த வெள்ளிக்கிழமை வந்து அடிங்க, நான் சொல்றேன். மாமியாருக்கு வியாழக்கிழமை ஃபிளைட்."

மிச்சத்தில் ஒரு திறந்த கதவு

இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்த காலத்தில்தான் மிச்சம் என்கிற தென் லண்டன் ஊரிலிருந்து யோகன் அண்ணை போன் அடித்தார். முந்தின வருடம் நாங்கள் டிஷ் பூட்டிய வீடு. கடை வைத்திருப்பவர், யாழ்ப்பாணத்தார். மனைவி பரமேஸ் அக்கா, பத்து வயதில் துளசி என்று ஒரு மகள். 'தம்பி, உங்கடை வயர் தட்டுது. வயர் தட்டினா இவ கதவைத் திறக்கிறா' என்றார். எனக்கு விளங்கவில்லை. நேரில் போனபோது விளங்கியது. காற்றடிக்கும் நாட்களில் முன்வாசல் பக்கச் சுவரில் வயர் தட்டும். பரமேஸ் அக்கா சமையலை அப்படியே விட்டுவிட்டுப் போய் வாசற்கதவை அகலத் திறப்பார். கொஞ்ச நேரத்துக்கில்லை, காற்று ஓயும்வரை. குளிர் வீட்டுக்குள் வந்து குடியிருக்கும். துளசிக்கு ஏற்கெனவே மூச்சு இழுப்பு. அந்த மாரியில் இரண்டு முறை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடியிருக்கிறார்கள்.

ராசன் அண்ணையின் மூன்றடிக் கிளிப்புகளை மனதுக்குள் திட்டிக்கொண்டு அரையடிக்கு ஒன்று அடித்தேன். வயர் சுவரோடு சுவராகிவிட்டது. பரமேஸ் அக்கா மேல்கோட்டைப் போர்த்திக்கொண்டு கீழே நின்று ஒவ்வொரு கிளிப்பாக எண்ணுவதுபோல் பார்த்துக்கொண்டு நின்றார். திருத்த வந்தவனுக்கு நன்றி சொல்லுகிற முகம் இல்லை. எந்த ஊர் என்று கேட்டேன். கல்லாறு என்றார், எங்கள் மட்டக்களப்புப் பக்கம். என் ஊரைச் சொன்னதும் அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "சூறாவளிக்கு நீங்க அங்கயா இருந்த, தம்பி?"

தட்டாத காற்று

அடுத்த தை, பொங்கல் முடிந்த கிழமை. லண்டனில் எண்பத்தேழை நினைவுபடுத்தும் ஒரு பகற்காற்று அடித்தது. ரயில்கள் நின்றன. குப்பை வாளிகள் தெருவில் உருண்டு போயின. 'இந்தக் காத்துக்கை ஏணியைத் தொட்டியெண்டா என்னோடை கதையாதை' என்று ராசன் அண்ணை சொல்லியிருந்தார். மத்தியானம் யோகன் அண்ணையின் போன். வயர் தட்டவில்லை, அதுதான் பிரச்சினை என்றார். முந்தி வயர் தட்டினால்தான் பரமேஸ் அக்கா திறப்பார். இப்போது தட்டு இல்லாததால் விடியற்காலையிலேயே கதவைத் திறந்துவிட்டு வாசலிலேயே நிற்கிறாராம், சாப்பிடவும் வரவில்லையாம். நான் வேனில் போய் இறங்கியபோது நடைக்குள் ஒரு பெட்டி அடுக்கி வைத்திருந்தது. துளசி மேல்கோட்டோடும் மப்ளரோடும் அதன்மேல் குந்தியிருந்தாள். லூயிஷாமில் இருக்கும் தன் அக்கா வீட்டுக்கு மகளைக் கொண்டுபோகப் போகிறேன், இவ திருந்தினால் திரும்பி வருவோம் என்றார் யோகன் அண்ணை. அவர் கோபத்தில் சொல்லவில்லை. அழுது முடித்தவர் மாதிரிச் சொன்னார்.

பரமேஸ் அக்கா திறந்த கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் பக்கத்தில் நின்றேன். அப்போது காற்று நின்றது. தெருவில் ஒரு சத்தமில்லை. 'அப்பாடா, விட்டிட்டுது' என்றார் யோகன் அண்ணை. அவர் சொல்லி முடிக்க முன்னமே நானும் பரமேஸ் அக்காவும் சொல்லி வைத்ததுபோல் ஆளுக்கொரு அடி சுவரோரம் பின்வாங்கியிருந்தோம். அக்கா என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது. இரண்டு பேரும் எதிர்ப்பக்கக் காற்றுக்காகக் காத்துக்கொண்டு நின்றோம். அது வரவில்லை, மழைதான் வந்தது. அந்த மழைக்குள்தான் அக்கா வாய் திறந்தார்.

எழுபத்தெட்டில் அன்றைக்குக் காற்று நடுவில் நின்றபோது அவருடைய அம்மா லாந்தரை எடுத்துக்கொண்டு, இரண்டு வளவு தள்ளியிருந்த தன் அக்காவைப் பார்த்துவர வெளியே போயிருக்கிறார். மற்றக் காற்று நேரே வாசற்கதவில் வந்து மோதியது. அப்பாவும் மாமாவும் கதவுக்கு முதுகு கொடுத்து நின்றார்கள். திறந்தால் காற்று உள்ளே புகுந்து கூரை போய்விடும், வீட்டுக்குள் குழந்தைகள் ஏழு பேர். அப்போது கதவு தட்டியது. இரண்டு தட்டு, ஒரு நிறுத்தம், மறுபடி ஒரு தட்டு. பதின்மூன்று வயதுப் பரமேஸ் தாழ்ப்பாளில் கை வைத்து, அம்மா தட்டுகிறா என்று சொன்னாராம். அது தகரம் என்றார்கள். கையை எடுத்துவிட்டார். விடிந்தபோது அம்மா வேலிப் படலையடியில் கிடந்தார். கதவடிக்கு வந்து திரும்பினாரா, கதவடிக்கு வரவே இல்லையா என்று சொல்ல ஒருவருமில்லை.

எனக்குத் தெரிந்த ஒரே ஆறுதல் என் தொழில் ஆறுதல்தான். 'அக்கா, இங்க தட்டினது வயர். நான்தானே என்ர கையால கட்டினன்' என்றேன். சொல்லும்போதே அது உதவாத பேச்சென்று தெரிந்தது. அவர் கதவை விடவில்லை. "வயரெண்டு எனக்குத் தெரியும், தம்பி. அண்டைக்கும் தகரமெண்டுதான் எல்லாரும் சொன்னாங்க."

இரண்டு கிளிப்

இந்த இடத்தில் நான் ஏதோ கெட்டிக்காரத்தனம் செய்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். செய்தது யோகன் அண்ணை. பன்னிரண்டு வருடம் கூட வாழ்ந்த மனுஷனுக்கு இந்தக் கதை அன்றுதான் தெரியும். பெட்டிமேல் இருந்த மகளை இறக்கி, மப்ளரைக் கழற்றினார். பிறகு மனைவியிடம் போய்க் குனிந்து சொன்னார்: 'நீ இனிக் கதவடியிலை நிக்க வேண்டாம். தட்டினா நான் போய்த் திறக்கிறன். ஆள் இல்லையெண்டு பாத்திட்டுப் பூட்டுறன். உனக்கு வந்து சொல்லுறன். சரியோ?' பரமேஸ் அக்கா யோசித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, வயரைக் கட்டிவிட்டீர்களே, இனித் தட்டினால் எப்படித் தெரியும் என்று கேட்டார். காற்று முழுதாக ஓய்ந்த ஞாயிற்றுக்கிழமை ஏணியோடு போய், வாசலுக்கு நேரே இருந்த இரண்டு கிளிப்பைக் கழற்றினேன். கீழே ஏணியைப் பிடித்திருந்த ராசன் அண்ணை, தன் வேலைதான் சரியென்று நான் கடைசியில் ஒத்துக்கொண்டுவிட்டதாகச் சொன்னார்.

மீதி மாரி முழுக்க வயர் தட்டியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் யோகன் அண்ணை எழும்பிப் போய்த் திறந்து, இரண்டு பக்கமும் பார்த்து, பூட்டிவிட்டு வந்து 'ஒருத்தரும் இல்லை' என்று சொல்லியிருக்கிறார். துளசிக்கு இழுப்பு வரவில்லை. மாசிக் கடைசியில் அவர் கடைக்குச் சிகரெட் வாங்கப் போனேன். வீட்டில் எப்படி என்று கேட்டேன். மிச்சக் காசை என் கையில் வைத்துவிட்டு, ஆட்கள் யாரும் நிற்கிறார்களா என்று பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார். "போன கிழமை தட்டேக்கை கதவைத் திறந்திட்டு, ஏனெண்டு தெரியேல்லை, 'வாங்கோ மாமி' எண்டிட்டன். அதுக்குப் பிறகு எவ்வளவு தட்டினாலும் இவ எழும்புறேல்லை. தேத்தண்ணி மட்டும் ஒண்டு கூடப் போடுறா, காலமை பாத்தா கோப்பை வெறுமையாய்க் கிடக்கு."

ஒழுங்காகப் பூட்டிய நூற்றுக்கணக்கான டிஷ்களுக்கும் ஏதோ ஒரு குறை சொல்லி என்னைக் கூப்பிட்ட தென் லண்டன் தமிழர்களிடமிருந்து, வேண்டுமென்றே தளரவிட்ட அந்த ஒரு வயருக்கு மட்டும் இன்றுவரை ஒரு முறைப்பாடும் வரவில்லை.